வாங்கிய மென்பொருளும் பூட்டிய வன்பொருளும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, கல்லூரியின் பழம்பெருமை பற்றியோ நிறுவுநர்தம் தியாகம் பற்றியோ நாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்ல மூத்தோர் இம்மலரிலேயே எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சென்ற ஆண்டு எமது கணினி ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்றும், அதனையொட்டி ஆசிரியர் ஓய்வறையில் எழுந்த பெரும் வாக்குவாதமுமே எம்மை இதனை எழுதத் தூண்டின.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், கொழும்பிலே தமையன் வாங்கி அனுப்பிய உதிரிப் பாகங்களைக் கொண்டு தானே பூட்டிய சாதாரணக் கணினியொன்றை ஆய்வுகூடத்திற்குக் கொண்டுவந்து இயக்கிக் காட்டினான். திரையிலே தோன்றியது அப்பிள் நிறுவனத்தாரின் மக் ஓ.எஸ். எனும் பணிசெயல் முறைமை. அந்நிறுவனத்தின் கணினிகளிலன்றிப் பிறவற்றில் இயங்கலாகாதென அதன் உரிமப் பத்திரம் விதிக்கின்றது. ஆறு கிழமை உறக்கமின்றி முயன்று அவன் அதனை இயக்கியிருந்தான். ஆசிரியர் ஒருவர் இது களவு என்றார். மற்றொருவர், இதுவன்றோ திறமை, இத்தகைய மாணவனுக்குப் பரிசளித்தல் வேண்டுமென்றார். பையனோ, “நான் இதை ஒருவருக்கும் விற்கவில்லையே, சேர், என் சொந்தக் கணினியில்தானே இட்டேன்” என்று தலைகுனிந்து நின்றான். அவனுடைய அவ்விடையில் ஒரு பெரும் வழக்கே அடங்கிக் கிடக்கின்றதென்பது எமது கருத்து. (அன்று களவு களவென முழங்கியோருட் சிலர் தத்தம் வீட்டுக் கணினிகளிலுள்ள மென்பொருள்களுக்கு எவ்வளவு விலை கொடுத்தனர் என்பதை நாம் கேட்டிலோம், கேட்டிருப்பின் வாக்குவாதம் விரைவில் முடிந்திருக்கும்.)

பணிசெயல் முறைமை என்பது யாதென மூத்த பழைய மாணவருட் சிலருக்கு ஈண்டு விளக்குதல் வேண்டும். தட்டச்சுப் பொறியோடு உத்தியோகத்தைத் தொடங்கி அதனோடேயே ஓய்வுபெற்றோர் எம்மிடையே இன்னும் உளர். கணினியின் உறுப்புகள் வன்பொருள் எனப்படும். அவ்வுறுப்புகளை ஆண்டு, நாம் கேட்கும் வேலையை அவற்றிடம் வாங்கித் தரும் தலைமை மென்பொருளே பணிசெயல் முறைமை. கணினியின் மூளையெனத்தக்க முறைவழியாக்கி ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனி மொழியுண்டு. ஓரினத்தின் மொழியில் ஆக்கப்பட்ட முறைமை மற்றோரினத்திற்கு விளங்காது. ஆகவே ஒரு முறைமையை வேறு வன்பொருளில் இயக்கப் புகுவோனை இரு தடைகள் எதிர்கொள்ளும். ஒன்று இயற்கைத் தடை; அது மொழி வேறுபாடு. மற்றது செயற்கைத் தடை. அது நிறுவனம் வைத்த பூட்டும், எழுதிய உரிமமும். வாதம் புரிவோர் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவதனாலேயே பெரும்பாலும் வழி தவறுகின்றனர்.

இயற்கைத் தடையை மனிதர் கடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டாகிவிட்டது. யுனிக்ஸ் எனும் முறைமை 1969 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்திலே பீ.டீ.பீ. 7 எனும் பொறியில் பிறந்தது. 1973 இல் அதனைச் சீ எனும் உயர்மொழியில் திருப்பி எழுதினர். அதன்பின் 1977, 1978 ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் வொலங்கொங் பல்கலைக்கழகத்தாரும் பெல் ஆய்வுகூடத்தாரும் தனித்தனியே அதனை இன்ரடேற்றா எனும் முற்றும் வேறான பொறிகளுக்குப் பெயர்த்து நட்டனர். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வேறு வயலில் நட்ட நாற்றுப்போல அது அங்கும் வேர்விட்டது. மாணவன் கொண்டுவந்த மக் ஓ.எஸ். முறைமையோ அந்த யுனிக்ஸ் மரபின் வழித்தோன்றலே. அதன் நேர் முன்னோன், ஸ்ரீவ் ஜொப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ற் நிறுவனத்தின் முறைமை. அது முதலில் மொட்டொரோலா முறைவழியாக்கியில் இயங்கி, 1993 இல் இன்ரெல் பொறிகளுக்கு வந்து, பின்னர் வேறும் இரண்டு இனங்களிலே இயங்கியது. நான்கு வகைப் பொறிகளிலே திரிந்த முறைமையின் பிள்ளையே இன்று ஒரே வீட்டில் அடைபட்டுக் கிடக்கின்றது.

அப்பிள் நிறுவனத்தின் சொந்த வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1984 இல் மக்கின்ரொஷ் கணினி மொட்டொரோலாவின் 68000 முறைவழியாக்கியோடு வெளிவந்தது. 1994 இல் பவர் பீ.சீ. எனும் இனத்திற்கு மாறினர். 2005 ஆம் ஆண்டு யூன் மாதம் இன்ரெல் முறைவழியாக்கிக்கு மாறப்போவதாக ஜொப்ஸ் அறிவித்தபொழுது, அதற்கு முந்திய ஐந்தாண்டுகளாகவே தம் முறைமையின் ஒவ்வொரு பதிப்பையும் இன்ரெல் பொறிக்கும் இரகசியமாக ஆக்கி வந்ததையும் வெளியிட்டார். 2020 இல் நான்காம் இனமாகத் தாமே வடிவமைத்த முறைவழியாக்கிக்குப் புகுந்தனர். மூன்று முறை மூட்டை முடிச்சோடு வீடு மாறியவர், தம் முறைமை வேறு வீட்டில் வாழ இயலாததென்று கூறமாட்டார், கூறவுமில்லை. வாழலாகாது என்பதே அவர்தம் கூற்று. இயலாமை வேறு, ஆகாமை வேறு.

இனிச் செயற்கைத் தடையை நோக்குவோம். கொல்லனிடம் விலைகொடுத்துக் கலப்பை வாங்கிய கமக்காரனிடம், இக்கலப்பையில் எம் தொழுவத்து எருதுகளையன்றிப் பூட்டலாகாதென அக்கொல்லன் கூறுவானாயின் ஊரார் என் சொல்வர்? சிரிப்பர். ஆயின் கொல்லன் தரப்பையும் கேட்டல் நீதி. அவன் சொல்லக்கூடும்: “ஐயா, கலப்பைக்கு நான் விலை வாங்கவில்லை. எருதின் விலையிலேயே அதன் கூலியும் அடக்கம். அயலூர் எருதைப் பூட்டிவிட்டுக் கொழு வளைந்ததென்று என்னிடமே வருகின்றனர்.” அப்பிள் நிறுவனத்தின் வாதம் ஏறக்குறைய இதுவே. 2007 இல் அதன் முறைமையின் கடைவிலை 129 டொலர். 2009 இல் முந்திய பதிப்பினின்றும் மேம்படுத்துவோர்க்கு 29 டொலர். 2013 முதல் விலையே இல்லை. முறைமையை ஆக்குவோரின் சம்பளம் கணினியின் விலையிலிருந்தே வருகின்றது. இவ்வாதத்தை அற்பமெனத் தள்ளுவார் கணக்கறியாதவர்.

இவ்வாதத்தின் வலுவை அந்நிறுவனமே ஒருமுறை பட்டுணர்ந்தது. 1995 முதல் பவர் கொம்பியூட்டிங், ரேடியஸ், யூமக்ஸ், மொட்டொரோலா முதலிய நிறுவனங்களுக்குத் தம் முறைமையை உரிமத்தின்மேல் வழங்கினர். வேற்றார் செய்யும் மக்கின்ரொஷ் கணினிகள் உலகெங்கும் பரவும், விண்டோஸ் முறைமையின் ஆதிக்கம் குறையும் என்பது எண்ணம். நடந்ததோ வேறு. வேற்றார் பொறிகளிற் சில அப்பிளின் பொறிகளினும் விரைவும் மலிவும் உடையனவாயிருந்தன. அவற்றை வாங்கியோர் புதியோரல்லர். அப்பிளின் பழைய வாடிக்கையாளரே. தன் பந்தியில் அமர்ந்தோரை அயல்வீட்டுப் பந்திக்குத் தானே அனுப்பிய கதையாயிற்று. 1997 இல் மீண்டுவந்த ஜொப்ஸ் அவ்வுரிமங்களை முடிவுக்குக் கொண்டுவந்து, பவர் கொம்பியூட்டிங் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் வியாபாரத்தை 100 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து வாங்கி மூடினார். நிறுவனம் அன்று மூழ்கும் நிலையில் இருந்தது என்பதை நினைவிற்கொண்டால் அச்செயலைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் இக்கதைக்கு நேர்மாறான கதையும் உண்டு. அதனை எம்மவர் அதிகம் அறியார். ஐ.பி.எம். நிறுவனம் 1964 இல் வெளியிட்ட 360 எனும் பெருங்கணினித் தொகுதியின் தலைமைச் சிற்பிகளுள் ஒருவர் ஜீன் அம்டால். அவர் 1970 இல் அந்நிறுவனத்தை நீங்கித் தம் பெயராலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1975 இல் அவரது முதற்பொறி நியூயோர்க் நகரத்திலுள்ள நாசா ஆய்வு நிலையமொன்றிற்குச் சென்றது. அதில் இயங்கியது ஐ.பி.எம். நிறுவனத்தின் பணிசெயல் முறைமை! வாங்குவோர் தம் மென்பொருளில் ஓரெழுத்தும் மாற்றாது பொறியை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். பின்னர் யப்பானிய நிறுவனங்களும் அவ்வழி வந்தன. ஐ.பி.எம். அழிந்ததா? இல்லை. போட்டி வந்தமையால் பொறியின் விலையிலும் விரைவிலும் அது விழிப்போடிருக்க நேர்ந்தது. 1984 இல் ஐரோப்பிய ஆணையத்திற்கு அது கொடுத்த உறுதிமொழியின்படி, தன் பொறிகளோடு பிறர் பொறிகள் இணைவதற்கு வேண்டிய விவரங்களைக் காலத்தே வெளியிடவும் உடன்பட்டது. அக்கதவு பின்னர் மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது என்பதையும் மறைத்தல் ஆகாது. இன்ரெல் நிறுவனத்தின் இற்றேனியம் முறைவழியாக்கியைக் கொண்டு இதே வழியில் புகமுயன்ற சிறு நிறுவனமொன்றை ஐ.பி.எம். முதலில் வழக்கால் எதிர்த்து, 2008 இல் விலைக்கே வாங்கிவிட்டது. வழக்கும் அத்தோடு முடிந்தது.

பிறர் உழைப்பைப் பிரதி செய்வதற்கும், பிறர் பொறிக்கு இணையான பொறி செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்க நீதிமன்றங்கள் முன்னரே ஆராய்ந்துள்ளன. பிராங்ளின் எனும் நிறுவனம் 1982 இல் அப்பிள் 2 கணினியைப்போன்ற கணினியொன்றைச் செய்து, அப்பிளின் முறைமையையும் அப்படியே பிரதிசெய்து அதில் இட்டது. அப்படியே என்பது மிகையன்று. அப்பிள் நிறுவனத்து நிரலாளர் ஒருவரின் பெயர்கூடப் பிரதியினுள் அழியாது கிடந்தது. பரீட்சை மண்டபத்திலே பக்கத்து மாணவனின் விடைத்தாளைப் பார்த்தெழுதியவன் அவனது சுட்டெண்ணையும் சேர்த்தெழுதியது போலும்! பணிசெயல் முறைமைக்கும் பதிப்புரிமை உண்டென 1983 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அக்காலத்திலேயே கொம்பாக் நிறுவனத்தார், ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினிக்கு இணையான பொறியைச் செய்தனர். அதன் தொடக்க மென்பொருளின் வரிகளைப் பாராதோரைக்கொண்டு, அது செய்யும் தொழிலை மாத்திரம் விவரித்துக் கூறி, புதிதாக எழுதுவித்தனர். பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்ற் நிறுவனத்திடம் முறைப்படி உரிமம் பெற்றனர். முன்னது களவு, பின்னது கைத்தொழில். எமது மாணவனின் செயல் இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகை. அதனாலேயே அதனைப்பற்றி எழுத வேண்டியதாயிற்று.

அவன் செய்தது யாதென அவனிடமே கேட்டறிந்தோம். 2006 முதல் அப்பிள் கணினிகளும் இன்ரெல் முறைவழியாக்கியையே கொண்டமையால், இயற்கைத் தடை அறவே நீங்கிற்று. எஞ்சியது பூட்டு. முறைமையின் சில இன்றியமையாப் பகுதிகள் மறைகுறியிலே பொதியப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்கும் சாவி அப்பிள் கணினியிலுள்ள ஒரு சிறு சில்லினுள் இருக்கும். இப்பூட்டைக் காக்கும் பகுதிக்கே, மக் ஓ.எஸ். முறைமையைத் திருடாதே என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். உடைத்துப் பார்ப்போரை நோக்கி எழுதிய செய்யுளொன்றும் உள்ளே இருந்தது! பூட்டிலே செய்யுள் எழுதிய கொல்லரை உலகம் வேறெங்கும் கண்டிராது. பையன் பயன்படுத்திய ஓப்பின் கோர் எனும் தொடக்க மென்பொருள், கணினி விழித்தெழும் வேளையில் முன்சென்று, இது இன்ன மாதிரி அப்பிள் கணினி எனப் பொய்ப்பெயர் கூறும்; சில்லு இல்லாவிடத்துச் சில்லின் குரலில் விடையிறுக்கும். பின்னர் ஒலி, வலையமைப்பு, திரை என ஒவ்வோர் உறுப்பையும் முறைமைக்கு அறிமுகஞ் செய்துவைத்தல் வேண்டும். அவனது முதல் முயற்சியில் திரை இருண்டது. பழைய என்விடியா வரைகலை அட்டையொன்றைப் பொருத்தியிருந்தான். 2018 இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து அத்தகைய அட்டைகள் பெரும்பாலானவற்றிற்குச் சாரதி மென்பொருள் இல்லை. அதனைக் கண்டுபிடிக்கவே அவனுக்கு ஒன்பது நாள் சென்றதாம்.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்து நிற்க விரும்புகின்றோம். கணினியின் உறுப்புகளைத் தொடக்க மென்பொருள் எங்ஙனம் அட்டவணைப்படுத்துகின்றது, சாரதி மென்பொருள் எங்ஙனம் ஏற்றப்படுகின்றது, மறைகுறி என்பது யாது என்பனவற்றை எமது பாடநூல் சில பக்கங்களில் சொல்லிக் கடந்துவிடுகின்றது. மாணவர் அவற்றை மனனஞ் செய்து எழுதிப் புள்ளி பெறுகின்றனர். இப்பையனோ ஒன்பது நாள் இருண்ட திரையின்முன் இருந்து அவற்றைக் கற்றான். அவன் கற்றது பாடம். பாடத்திற் பாதியைக்கூட நாம் அவனுக்குக் கற்பித்திலோம். இதனை ஒப்புக்கொள்ளாது அவனைத் தண்டிக்கப் புகுவது ஆசிரியராகிய எமக்கு அழகன்று.

எனின் உரிமம்? அதனை வழக்காகவே கொண்டுசென்று தோற்றோரும் உளர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சைஸ்ரார் எனும் நிறுவனம் 2008 ஏப்பிரிலில், மக் ஓ.எஸ். இயங்கவல்ல சாதாரணக் கணினியை 399 டொலருக்கு விற்கப் புறப்பட்டது. ஒவ்வொரு கணினியோடும், விலைகொடுத்து வாங்கிய முறைமைப் பிரதியொன்றையும் சேர்த்தே விற்றோம், விலைகொடுத்து வாங்கியதை மறுவிற்பனை செய்யும் உரிமை எமக்குண்டு என்பது அவர்தம் வாதம். உண்மையிலோ, திருத்தி அமைத்த ஒரு மூலப் பிரதியிலிருந்தே கணினிகளில் முறைமையை ஏற்றினர். பெட்டியில் வைத்த பிரதி திறக்கப்படாமலே கிடந்தது. 2009 நவம்பரில் அவர்களுக்கெதிராகத் தீர்ப்பாயிற்று. 2011 செப்ரெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. பிறர் தமக்கென வேறு முறைமையை ஆக்குவதை இவ்வுரிமம் தடுக்கவில்லை, தன் முறைமையைத் தன் பொறியோடு சேர்த்து வைப்பதையே அது கோருகின்றது என்பது அந்நீதிமன்றம் காட்டிய காரணங்களுள் ஒன்று.

சைஸ்ரார் தோற்றமை நீதியே என்போம். பிறர் உழைப்பைத் திருத்திப் பிரதிசெய்து இலாபத்திற்கு விற்றல் கைத்தொழிலன்று. ஆனால் அத்தீர்ப்பின் நிழல் எமது மாணவன்மேலும் விழுவதை நாம் உளமார ஏற்கவில்லை. விற்பனைக்கும் சொந்த உபயோகத்திற்கும் இடையே அறத்தில் உள்ள வேறுபாட்டை உரிமப் பத்திரம் காண மறுக்கின்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 யூலையில் ஒரு வழக்கிலே, காலவரையறையின்றிப் பணம் பெற்றுக் கொடுத்த மென்பொருள் உரிமம் பெயரளவில் உரிமமாயினும் உண்மையில் விற்பனையே, ஆதலால் வாங்கியோன் அதனை மறுவிற்பனை செய்யலாம் எனத் தீர்த்தது. கடல் கடந்தால் விற்பனை எனப்படுவது கரையிலே இரவல் எனப்படுகின்றது! எமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. அதனை மதித்தல் எமது கடன். நிறுவனம் தன் உதவியை மறுக்கலாம், உத்தரவாதத்தை மறுக்கலாம், அயலூர் எருதால் வளைந்த கொழுவைத் திருத்த மறுக்கலாம். இவையாவும் நியாயம். ஒருவன் தன் வீட்டில், தன் பொறியில், தன் கல்விக்காக இயக்குவதையும் தடைசெய்தல் நியாயத்தின் எல்லையைக் கடந்தது என்பதே எமது துணிபு. சட்டம் அவ்வாறு இருக்கும்வரை அதற்கு அடங்குவோம். அது நேரியதென்று வாய்மொழியமாட்டோம்.

இவ்விவாதத்திற்குக் காலமும் ஒரு விடை பகர்ந்துகொண்டிருக்கின்றது. அப்பிள் நிறுவனத்தார் தம் சொந்த முறைவழியாக்கிக்கு மாறி, 2023 யூன் மாதத்தில் இன்ரெல் பொறிகளின் விற்பனையை முற்றாக முடித்துக்கொண்டனர். 2025 இல் வந்த ராஹோ எனும் பதிப்பே இன்ரெல் கணினிகளுக்கான இறுதிப் பதிப்பென அறிவித்துவிட்டனர். இயற்கைத் தடை மீண்டும் எழுந்துவிட்டது. பழைய பூட்டுக்கு இனி வேலையில்லை. எமது மாணவன் ஆறு கிழமையில் கற்ற வித்தையின் ஆயுள் குறுகியது. இதனை அவனிடம் கூறியபொழுது, தெரியுமென்று சிரித்தான்.

ஆயின் இப்பொருளின் மற்றொரு பக்கம் இன்றே எமது வாசலில் நிற்கின்றது. வேறு நிறுவனத்தின் வன்பொருளில் இயக்கக் கூடாதென்பது ஒருவகைப் பூட்டு. நல்ல நிலையிலுள்ள பழைய வன்பொருளில் இயங்கமாட்டேன் என்பது அதனினும் கொடிய பூட்டு. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2021 ஒக்ரோபரில் வெளியிட்ட விண்டோஸ் 11 முறைமைக்குக் குறிப்பிட்ட ஒரு காவற்சில்லும், ஏறக்குறைய 2018 இற்குப் பிந்திய முறைவழியாக்கியும் வேண்டுமென விதித்தது. விண்டோஸ் 10 முறைமைக்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிவடைந்தது. காவலுக்காகவே இவ்விதி என்கின்றனர். அதில் உண்மையில்லாமல் இல்லை. எனினும் எத்தனையோ நாடுகளின் பள்ளிக்கூடங்களில், தேயாத சாவிப்பலகையும் மங்காத திரையுமுடைய கணினிகள் ஒரு நாட்காட்டித் தாளைக் கிழித்த அளவில் முதியோராயின. மாடு உழமாட்டேனென்று படுக்கவில்லை; நுகத்தடியே மாட்டின் வயதைக் கேட்கின்றது.

எமது பழைய மாணவர் உலகின் பல பாகங்களிலிருந்தும் கல்லூரிக்குக் கணினிகளை அனுப்பி வருகின்றனர். அவர்தம் அன்பிற்கு நாம் கடப்பாடுடையோம். ஆயினும் ஒரு செய்தியைக் கூசாது சொல்லல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் கிளைச் சங்கமொன்றின் அன்பளிப்பாகப் பன்னிரண்டு கணினிகள் வந்தன. பொன்னாடை போர்த்தினோம், புகைப்படமெடுத்தோம், நாடா வெட்டினோம். இரண்டாண்டுகள் முடியுமுன், அவற்றைச் செய்த நிறுவனம் அம்மாதிரிக்குப் புதிய பதிப்புகளை வழங்குவதை நிறுத்திவிட்டது. பின்னர் இணையப் பக்கங்கள் திறக்க மறுத்தன. பாடத்திற்கு வேண்டிய மென்பொருளின் புதிய பதிப்பு ஏறவில்லை. வன்பொருளிலே ஒரு குறையுமில்லை. அனுப்பிய அன்பர்மீதும் குறையில்லை. அவர்கள் திருகாணிக்கும் கப்பற் கூலிக்கும் கணக்குப் பார்த்தனரன்றி, முறைமையின் ஆயுளைக் கணக்கிடலாமென்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. துணிபோர்த்தி மூலையில் அடுக்கினோம்.

ஆதலால் சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது இது. கணினியை அன்பளிக்குமுன் அதன் வயதை மாத்திரமன்றி, அதற்குரிய பணிசெயல் முறைமைக்கு எந்த ஆண்டுவரை ஆதரவுண்டு என்பதையும் கேட்டறிக. பூட்டில்லாத லினக்ஸ் முறைமை அதில் இயங்குமா என்பதையும் ஒரு பொழுதிருந்து சோதித்து அனுப்புக. இயங்குமாயின் அக்கணினிக்கு மேலும் பல்லாண்டு ஆயுளுண்டு. லினக்ஸ் முறைமை யாவருக்கும் பிடிக்குமென நாம் கூறோம். எமக்கே முதலில் பிடிக்கவில்லை. பழகிய சாளரங்கள் இடம் மாறியிருக்கும், அச்சுப்பொறி சிலவேளை பிணங்கும், அலுவலகத்தார் முகஞ்சுளிப்பர். ஆனால் அதில் ஒரு மாணவன் ஆறு கிழமை உறக்கமின்றி உழைப்பானாயின், அவ்வுழைப்பின் பயனை எந்த நிறுவனமும் ஓர் அறிவித்தலால் அழித்துவிட முடியாது. இரகசியமாகவும் செய்யவேண்டியதில்லை. தலைகுனிந்து நிற்கவேண்டியதுமில்லை.

பையனின் வழக்கை அதிபர் முடித்துவைத்த விதத்தையும் கூறிவிடுகின்றோம். அக்கணினியை ஆய்வுகூடத்திற்குக் கொண்டுவரலாகாது, அதனை இயக்கும் வழியைப் பிறருக்குப் பணத்திற்குச் செய்துகொடுக்கலாகாது எனக் கூறினார். பரிசும் இல்லை, பிரம்பும் இல்லை. பின்னர் மூலையிலிருந்த பன்னிரண்டு கணினிகளின் சாவியை அவனிடம் கொடுத்து, தம்பி, உனக்கு இவ்வளவு தெரியுமென்றால் இவற்றை எழுப்பிக் காட்டு என்றார். அவனும் கீழ்வகுப்பு மாணவர் நால்வரும் வெள்ளிக்கிழமை தோறும் பாடசாலை விட்டபின் அங்கேயே இருக்கின்றனர். இதனை எழுதும் நாள்வரை ஏழு கணினிகள் லினக்ஸ் முறைமையில் இயங்குகின்றன. இரண்டில் ஒலி இன்னும் எழவில்லை. ஒன்றின் நினைவக அட்டை பழுது; அதற்கு அட்டை தேடிக்கொண்டிருக்கின்றனர். வீட்டில் பழைய கணினியைக் கழற்றி வைத்திருக்கும் பழைய மாணவர் எவரேனும் டீ.டீ.ஆர். 3 வகை நினைவக அட்டையை அனுப்புவாராயின், ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரின் பெயருக்கு அனுப்புக.